காய்ச்சல் வராவிட்டால் ஊசி வேலை செய்யவில்லையா?

கேள்வி: அக்டோபர் 6, மாலை 7.15

அடுத்த வாரத்திலிருந்து எங்கள் மருத்துவமனையில் ஊழியர்களுக்கு ஃப்ளூ ஊசியும் கோவிட் பூஸ்டரும் போடுகிறார்கள். போன தடவை என்னோடு போட்டுக்கொண்ட ஆறு பேரில் நான்கு பேர் மறுநாள் படுக்கையை விட்டு எழவில்லை. எனக்குக் கை மட்டும் கொஞ்சம் வலித்தது. "உனக்கு வெறும் தண்ணீர்தான் ஏற்றியிருப்பார்கள்" என்று இன்றைக்கும் கேலி செய்கிறார்கள். கேலி போகட்டும். காய்ச்சல் வராத உடம்பில் ஊசி வேலை செய்திருக்குமா?

பதில் (ஒரு செவிலியர்): அக்டோபர் 6, இரவு 9.40

செய்திருக்கும். காய்ச்சலுக்கும் ஊசியின் பலனுக்கும் சம்பந்தமே இல்லை. 2020இல் ஃபைசரின் கோவிட் ஊசியைச் சோதித்தபோது சுமார் 43,000 பேர் சேர்ந்தார்கள். நோயைத் தடுத்த அளவு 95 சதவீதம். 55 வயது வரை உள்ளவர்களில் இரண்டாம் ஊசிக்குப் பிறகு 38 டிகிரியைத் தொட்டவர்கள் 16 சதவீதம்தான். காய்ச்சல் வந்தவருக்கு மட்டுமே ஊசி பிடிக்கும் என்றால் அந்த 95 எங்கிருந்து வந்தது? கேலி செய்பவர்களிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

அக்டோபர் 6, இரவு 9.52

கைவலியை விட்டுவிட்டேன். அதுவும் உடம்பு கொடுத்த பதில்தான். "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்பவர்கள் பலர் கைவலியைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அக்டோபர் 7, காலை 5.50

நைட் டூட்டியில் உட்கார்ந்து யோசித்தேன். "சம்பந்தமே இல்லை" என்று அடித்துச் சொன்னது தப்பு.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை ஊழியர்கள் 954 பேரை 2021இல் பரிசோதித்தார்கள். ஊசிக்குப் பிறகு காய்ச்சல், குளிர், அசதி என்று அவதிப்பட்டவர்களுக்குச் சராசரியில் ஆன்டிபாடி, அதாவது நோயை எதிர்க்கும் புரதம், கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. ஆக, ஏதோ உறவு இருக்கிறது. ஆனால் இரண்டாம் ஊசி முடிந்தபின் அந்த 954 பேரில் 953 பேருக்கு ஆன்டிபாடி உருவாகியிருந்தது. உருவாகாத அந்த ஒருவர் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். படுத்தவர்களும் படுக்காதவர்களும் எல்லாரும் அந்த 953க்குள்தான். அதனால் உங்களுக்குச் சொல்ல வேண்டிய பதில் மாறவில்லை. நான் சொன்ன காரணம்தான் கோணல்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊசி இறங்கிய இடத்துக்கு முதலில் ஓடிவரும் அணுக்களுக்கு ஆள் அடையாளம் தெரியாது. யாரோ புகுந்துவிட்டார்கள் என்று கூச்சல் போடுவதுதான் அவற்றின் வேலை. இன்டர்லூக்கின், இன்டர்ஃபெரான் என்பதெல்லாம் அந்தக் கூச்சல்தான். அது மூளையின் ஹைப்போதாலமஸ் வரை எட்டினால் உடம்பின் வெப்ப அளவு ஏற்றி வைக்கப்படும், குளிர் எடுக்கும், மூட்டு வலிக்கும். ஓரிரு நாளில் அடங்கிவிடும். ஆன்டிபாடி அதற்குப் பிறகு, நெறிகளுக்குள் (நிணநீர் முடிச்சுகள்) சத்தமில்லாமல், இரண்டு வாரம் போல எடுத்து நடக்கும் வேலை. முதல் கூட்டத்தின் சத்தத்தை வைத்து இரண்டாம் கூட்டத்துக்கு மார்க் போட முடியாது.

அக்டோபர் 7, மாலை 4.20

தூங்கி எழுந்து பார்த்தால் அந்தத் "தண்ணீர்" கேலியைத்தான் எல்லாரும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். சரி, உண்மையிலேயே தண்ணீர் ஏற்றிக்கொண்டவர்களைப் பார்ப்போம். அதே ஃபைசர் சோதனையில் உப்புநீர் மட்டும் பெற்ற 55 வயது வரையிலான பிரிவில், இரண்டாம் ஊசிக்குப் பிறகு 23 சதவீதம் பேருக்கு அசதி, 24 சதவீதம் பேருக்குத் தலைவலி. மருந்து உள்ள ஊசி பெற்றவர்களில் 59, 52.

2022 ஜனவரியில் இப்படி 12 சோதனைகளை, 45,380 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். முதல் ஊசிக்குப் பின் உடம்பு முழுவதும் தெரிந்த தொல்லைகளில் 76 சதவீதத்துக்கு இணையான அளவு, மருந்தே இல்லாத ஊசி பெற்றவர்களிடமும் இருந்ததாம். இரண்டாம் ஊசிக்கு 52. இதற்கு நோசீபோ என்று பெயர். கெடுதல் வரும் என்ற எதிர்பார்ப்பே கெடுதலைக் கொண்டுவருவது.

அக்டோபர் 7, மாலை 4.45

மேலே எழுதியதைப் படித்துவிட்டு எந்த மேலதிகாரியாவது "எல்லாம் உங்கள் மனப்பிரமை, டூட்டிக்கு வாருங்கள்" என்று ஆரம்பித்தால் பொறுப்பு நானில்லை. அந்த 76க்குள் எதிர்பார்ப்பு மட்டும் இல்லை. ஊசியே போடாமல் ஆயிரம் பேரை நிறுத்திக் கேட்டாலும் சிலருக்கு அன்றைக்குத் தலை வலிக்கத்தான் செய்யும். தொடர்ந்து மூன்று இரவு டூட்டி பார்த்தவருக்குத் தலைவலி வர ஊசி எதற்கு? அதோடு, எதனால் வந்தாலும் வலி வலிதானே.

அக்டோபர் 8, இரவு 11.10

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக இழுத்தடித்தேன்.

2021. இரண்டாம் ஊசி போட்ட இரவு எனக்கு 38.7. இரண்டு கம்பளி போர்த்தியும் பல் தந்தியடித்தது. விடியற்காலையில் வியர்த்து இறங்கியது, குளித்துவிட்டு ஊசி போடும் டூட்டிக்கே போனேன். ஆள் இல்லை. என் வரிசையில் ஒரு வயதான அம்மா. கையை நீட்டும் முன் என் முகத்தைப் பார்த்து, "உனக்கு எப்படிம்மா இருந்தது?" என்று கேட்டார். "ஒன்றுமே இல்லைம்மா, எறும்பு கடித்த மாதிரி" என்று சொன்னேன். வாய் கூசவில்லை. ஊரெல்லாம் வதந்தி பரவிக்கொண்டிருந்த நேரம். நடுங்கினேன் என்று சொன்னால் பின்னால் நிற்கிற இருபது பேரும் எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன்.

நான்காம் நாள் அவருடைய மகள் வந்தார். அந்த அம்மாவுக்கும் அதே இரவில் குளிர் நடுக்கம் வந்திருக்கிறது. வெறும் ஊசிக் காய்ச்சல்தான். ஆனால் அவர் அதை நம்பவில்லை. "நர்சம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்கு மட்டும் ஏன் ஆகிறது, எனக்குள் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது" என்று அழுது, ஆம்புலன்ஸ் வரவழைத்து, இரவெல்லாம் அவசரப் பிரிவில் கிடந்து, காலையில் ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டிருக்கிறார். இரண்டாம் ஊசி வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

அவரைக் கூப்பிட்டு "எனக்கும் இப்படித்தான் இருந்தது" என்று சொன்னேனா? இல்லை. அவருடைய போன் எண் பதிவேட்டில் இருந்தது. ஒரு வாரம் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவுதான்.

அக்டோபர் 9, காலை 7.30

ஒரே பிரிவில் எல்லாருக்கும் ஒரே நாளில் போடாதீர்கள். மறுநாள் வார்டில் யார் நிற்பது? அமெரிக்க நோய்த் தடுப்பு மையமே ஊழியர்களுக்குப் பிரித்துப் பிரித்துப் போடச் சொல்லியிருந்தது. கேள்வி கேட்டவரின் பிரிவில் ஆறில் நான்கு பேர் படுத்தார்களே, அந்த மறுநாள் எப்படி ஓடியது என்பதை அவரே எழுதினால் நன்றாயிருக்கும்.

அக்டோபர் 9, இரவு 8.05

"காய்ச்சல் வரும் முன்பே பாராசிட்டமால் போட்டுக்கொண்டு போகலாமா" என்று ஒருவர். வேண்டாம். வந்தபின் போடுங்கள், அதில் தவறில்லை. 2009இல் குழந்தைகளிடம் நடந்த ஒரு சோதனையில், முன்கூட்டியே பாராசிட்டமால் கொடுத்தபோது சில ஊசிகளுக்கு ஆன்டிபாடி குறைவாக வந்தது. பெரியவர்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. வராத காய்ச்சலுக்கு மாத்திரை எதற்கு என்பதுதான் என் கட்சி.

அக்டோபர் 10, பிற்பகல் 2.30

கைவலியைச் சாதாரணமாக எழுதிவிட்டேன். ஒரு கைவலி சாதாரணமில்லை.

சில வருடங்களுக்கு முன் ஃப்ளூ ஊசி. வேலை செய்துகொண்டே போட்டுக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டே, அப்படித்தான். நான் நாற்காலியில், போடுகிற தோழி நின்றபடி. சட்டைக் கையை மேலே சுருட்டச் சோம்பல்பட்டு, கழுத்துப் பக்கத்திலிருந்து துணியை இறக்கிக் காட்டினேன். அப்படிக் காட்டினால் தெரிவது தோளின் மேல்பகுதிதான். ஊசி டெல்டாய்டு தசையின் நடுவில் இறங்காமல் மேலே, மூட்டுப் பக்கமாக இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் வலி அடங்க வேண்டியதற்குப் பதில் கூடியது. தலைவார முடியவில்லை. உள்ளாடைக் கொக்கியைப் போட முடியவில்லை. நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. நான்கு மாதம் இழுத்தது.

இதற்கு மருந்து காரணமில்லை, ஊசி இறங்கிய இடம்தான் காரணம். 2010இல் 13 பேரின் அனுபவத்தைத் தொகுத்து இதற்குத் தனிப்பெயரே கொடுத்தார்கள். தோள் எலும்பின் விளிம்பைத் தொட்டுப் பார்த்து, அதற்குக் கீழே இரண்டு மூன்று விரல் அகலம் விட்டுக் குத்த வேண்டும். போடுபவரும் உட்கார வேண்டும். தினமும் நூறு பேருக்குப் பாடம் எடுக்கிற நாம்தான் நமக்குள் போட்டுக்கொள்ளும்போது இப்படி அவசரப்படுகிறோம். தோழியின் மேல் எனக்குக் கோபமில்லை. துணியை இறக்கிக் காட்டியது நான்.

அக்டோபர் 11, இரவு 10.15

ஒவ்வாமை பற்றிக் கேட்டவருக்கு. 2020 டிசம்பர் 8இல் பிரிட்டனில் ஃபைசர் ஊசி தொடங்கிய அன்றே, பழைய கடும் ஒவ்வாமை உள்ள மருத்துவ ஊழியர்கள் இருவருக்கு எதிர்வினை வந்தது. அதே மாதம் அமெரிக்காவில் முதல் 18,93,360 ஊசிகளில் 21 பேருக்கு அனாஃபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமை. பத்து லட்சத்துக்கு 11. பெரும்பாலும் முதல் 15 நிமிடத்துக்குள். அதனால்தான் ஊசி முடிந்ததும் உட்காரச் சொல்கிறார்கள், எழுந்து ஓடாதீர்கள். ஓடுவதில் முதல் ஆள் நாம்தான்.

இன்னொரு கணக்கு. அமெரிக்காவின் மாஸ் ஜெனரல் பிரிகாம் மருத்துவமனைக் குழுமத்தில் 64,900 ஊழியர்களைப் பின்தொடர்ந்து அறிகுறிகளைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அனாஃபிலாக்சிஸ் 16 பேருக்கு, அவர்களில் 15 பேர் பெண்கள். அனைவரும் தேறிவிட்டார்கள். பத்தாயிரத்துக்கு 2.47, அதாவது பத்து லட்சத்துக்கு 247. முதல் கணக்கைவிட இருபது மடங்குக்கும் மேல்! ஊசியில் வித்தியாசமா? இரண்டாவதில் மாடர்னா ஊசியும் கலந்திருந்தது, வரையறையிலும் வேறுபாடு உண்டு. ஆனால் முக்கியமாக, ஒன்று வந்த புகாரை எண்ணியது, இன்னொன்று போய்க் கேட்டு எண்ணியது.

அக்டோபர் 12, காலை 6.00

இரவு எழுதியதில் பயமுறுத்திவிட்டேனோ என்று ஒரு சந்தேகம். 247 என்பதும் பத்து லட்சத்துக்குத்தான். முதல் ஊசியில் உடனடி எதிர்வினை வந்த 189 பேரை 2021இல் அமெரிக்காவில் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 159 பேர் மறுபடி போட்டுக்கொண்டார்கள். 159 பேரும் தாங்கிக்கொண்டார்கள். இருந்தாலும் உங்களுக்கு அப்படி ஏதாவது முன்பு வந்திருந்தால் ஒவ்வாமைக்கான அவசர மருந்து அட்ரினலின் கையில் இருக்கும் இடத்தில், மருத்துவர் சொன்னபின் போட்டுக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 12, இரவு 9.30

இரண்டு நாள் காய்ச்சலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு உண்மையில் பயம் இரண்டு நாளில் வருவதைப் பற்றி இல்லை, அதற்கப்புறம் புதிதாக வருவதைப் பற்றி.

2021 வசந்தத்தில் நார்வேயில் ஐந்து மருத்துவ ஊழியர்கள், 32 முதல் 54 வயது வரை. அஸ்ட்ராஜெனகா ஊசியின் முதல் டோஸ் போட்டு 7 முதல் 10 நாளுக்குள் மருத்துவமனைக்கு வந்தார்கள். வழக்கமில்லாத இடங்களில் இரத்தம் உறைந்திருந்தது. நால்வருக்குக் கடுமையான மூளை இரத்தக்கசிவு. இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களோ அடிமட்டத்தில். உறைவும் கசிவும் ஒரே ஆளிடம். தட்டணுக்களைத் தூண்டிவிடும் ஓர் ஆன்டிபாடிதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அந்நாட்டில் அதுவரை 1,30,000க்கும் அதிகமானோர் அந்த ஊசியைப் பெற்றிருந்தார்கள். ஐவரில் மூவர் இறந்துபோனார்கள். மார்ச் 11 அன்று நார்வே அந்த ஊசியை நிறுத்திவைத்தது.

ஊழியர்கள் முன்வரிசையில் நின்றதன் விலை அது. அவர்கள் ஊசி போட்ட நாளை எல்லாரும் நினைவில் வைத்திருந்ததால்தான் முடிச்சு சீக்கிரம் அவிழ்ந்தது. அதன்பிறகு மற்ற நாடுகளில் இதே அறிகுறியோடு வந்தவர்களுக்குத் தட்டணுவை முதலில் பார்க்க வேண்டும், உறைவுக்கு வழக்கமாகத் தரும் ஹெப்பாரின் மருந்தைத் தவிர்க்க வேண்டும் என்று மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஃபைசர், மாடர்னா போன்ற எம்ஆர்என்ஏ ஊசிகளில் வேறு கதை. அரிதாக இதயத்தசை வீக்கம், அதிகமும் இளைஞர்களுக்கு, இரண்டாம் ஊசிக்குப் பின் ஒரு வாரத்துக்குள். நெஞ்சு வலித்தால் ஊசி வலி என்று படுத்துக்கொள்ள வேண்டாம்.

அக்டோபர் 13, காலை 8.20

எட்டாம் நாள் வாக்கில் ஊசி போட்ட கையில் சிவந்த பெரிய திட்டு வந்தது என்று எழுதியவருக்கு: மாடர்னாவில் அப்படி வருவது தெரிந்ததே, தானே மறையும். அக்குளில் நெறி கட்டுவதும் அப்படித்தான். மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கப் போனால் மட்டும் ஊசி தேதியைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வீணாகக் கலவரப்படுத்துவார்கள்.

அக்டோபர் 14, இரவு 10.50

"ஊழியர்கள் மறுத்த வரலாறே இல்லையா?" என்று ஒருவர். இருக்கிறது. 2003 ஜனவரியில் அமெரிக்கா, உயிரியல் ஆயுதப் பயத்தில், மருத்துவ ஊழியர்களுக்குப் பெரியம்மை ஊசி போடத் தொடங்கியது. ஐந்து லட்சம் பேர் வரை எதிர்பார்த்தார்கள். வந்தவர்கள் 40,000ஐக்கூடத் தொடவில்லை. நோய் 1980இலேயே ஒழிந்துவிட்டது. ஊசியிலோ உயிருள்ள வைரஸ். கையில் கட்டுப் போட்டு மூடிவைக்காவிட்டால் நோயாளிக்குத் தொற்றலாம். அப்புறம் சிலருக்கு இதய வீக்கம் தெரிந்தது. மார்ச்சில் இதய நோயாளிகளை விலக்கச் சொன்னார்கள். உடம்பு கெட்டால் இழப்பீடு தரும் சட்டம் ஏப்ரல் கடைசியில்தான் வந்தது. ஊசி முதலில், சட்டம் பின்னால்! ஊழியர்கள் அறிவில்லாமல் மறுத்தார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆபத்து கண்முன் இல்லை, பாதுகாப்பும் இல்லை. நானாக இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றிருப்பேன்.

அக்டோபர் 15, மாலை 6.40

இதைப் படித்துவிட்டு ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் நோய்க்கான ஊசியையும் அதே கூடையில் போட்டுவிட்டார் ஒருவர். அதனால் நரம்பு நோய் வரும் என்று. அந்தப் பயத்தில் 1998இல் பிரான்ஸ் பள்ளிகளில் அந்த ஊசியை நிறுத்தியது உண்மை. 2001இல் விடை வந்தது. யாரை வைத்துத் தெரியுமா? நம்மை வைத்துத்தான். அமெரிக்காவில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான செவிலியர்களைப் பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்த ஆய்வில், மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்ற அந்த நரம்பு நோய் வந்த 192 பெண்களை வராதவர்களோடு ஒப்பிட்டார்கள். ஊசிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை.

ஊசி போடாதவருக்கு, ஹெபடைடிஸ் பி உள்ளவரின் ஊசிமுனை குத்தினால் தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம். எச்ஐவிக்கு அது 0.3. இந்த ஊசியைத் தள்ளிப்போடும் பயிற்சி மாணவியரைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அக்டோபர் 16, காலை 7.05

மாதவிடாய் தள்ளிப்போனதைக் கேட்டவருக்கு: உண்மைதான், கற்பனை இல்லை. 2022 ஜனவரியில் 3,959 பேரின் பதிவுகளைப் பார்த்தபோது சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாக நீண்டிருந்தது. பெரிய சோதனைகளில் இதைக் கேட்கவே இல்லை. எங்கள் உடை மாற்றும் அறையில் 2021லேயே இதுதான் பேச்சு. பேசினோமே தவிர ஒருவரும் பதிவேட்டில் எழுதவில்லை. நானும்தான்.

அக்டோபர் 17, இரவு 9.15

இன்னொரு ஒப்புதல், சுருக்கமாக. மூன்றாம் ஊசிக்கு மறுநாள் தொண்டை கரகரப்பு, மூக்கு ஒழுகல். "ஊசிதான்" என்று மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போனேன். இரண்டாம் நாள் பரிசோதித்தால் கோவிட். ஊசி காய்ச்சலும் அசதியும் தரும், சளியும் இருமலும் வாசனை இழப்பும் தராது. அந்த அட்டவணையை அறிவிப்புப் பலகையில் என் கையாலேயே ஒட்டியிருந்தேன்.

அக்டோபர் 20, இரவு 11.30

நேற்றுக் காலை 10.20க்குப் போட்டுக்கொண்டேன். கோவிட் இடது கை, ஃப்ளூ வலது கை. இந்தத் தடவை சட்டைக் கையைச் சுருட்டினேன். 15 நிமிடம் உட்கார்ந்தேன், 12ஆம் நிமிடத்தில் எழப்போனவளைத் தோழி முறைத்தாள். இரவு 38.1, முழங்கால் வலி, ஒரு பாராசிட்டமால். காலையில் 36.9. பதிவேட்டில் எழுதியாயிற்று.

மாலையில் வெளிநோயாளி வரிசையில் ஒரு பெரியவர், "போட்டுக்கொண்டீர்களா, எப்படி இருந்தது?" என்று கேட்டார். இருந்ததைச் சொன்னேன். 38.1ஐயும் முழங்காலையும்கூட. கொஞ்சம் யோசித்தார். "அப்போ இன்றைக்கு வேண்டாம். வெள்ளிக்கிழமை வருகிறேன், சனி ஞாயிறு மகள் வீட்டில் இருப்பாள்" என்றார். வெள்ளிக்கிழமைப் பட்டியலில் பெயரை எழுதிக்கொண்டேன்.

அக்டோபர் 23, இரவு 8.40

வந்தார். இடது கை.